கேடயக்காரி

பூதம் சம்மட்டியைத் தூக்கியதுமே துர்காதேவிக்குத் தெரிந்துவிட்டது, இந்தத் தடவையும் தப்பப்போகிறது என்று.

மீன் ஏலக் கொட்டகையில் அந்த நேரத்தில் யாரும் இல்லை. காலையில் இறால் கூடைகளும் கூச்சலுமாக இருந்த இடம், மதியத்துக்கு மேல் கழுவிவிட்ட சிமென்ட் தரையும் தூங்கும் நாய்களுமாகக் கிடந்தது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் அவர்கள் குப்பத்துக்கு ஒழுங்காக சிக்னல் வருவது அந்த ஓர் இடத்தில்தான். பழைய ஐஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் போனைக் கிடத்தி, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். காதில் ஒயர். திரையில் கோட்டை வாசல். வாசலை அடைத்துக்கொண்டு கல்லால் ஆன பூதம். பூதத்தின் முன்னால் கேடயத்தோடு நிற்கும் சின்னப் பெண் உருவம். அந்த உருவம்தான் அவள்.

“இப்ப! இப்ப துர்கா, இப்ப!” என்று காதுக்குள் சரவணகுமார் கத்தினான்.

வலது கையின் நடுவிரலைக் கேடயப் பொத்தானின் மேல் வைத்தாள். தொட்டது விரலுக்குத் தெரியவில்லை. தெரிகிற மாதிரி அழுத்துவதற்குள் சம்மட்டி இறங்கிவிட்டது. சின்னப் பெண் தூக்கியெறியப்பட்டுச் சுவரில் மோதி விழுந்தாள். கேடயம் இல்லாத கூட்டத்தை அடுத்த வீச்சில் பூதம் வாரித் தள்ளிற்று. திரை சிவந்து, பிறகு கறுத்தது.



“இன்னா துர்கா, தூங்கிட்டியா?” என்றான் சரவணகுமார்.

“நெட்டு இழுத்துச்சுண்ணா.”

“போன வாரமும் நெட்டு. அதுக்கு முந்தின வாரமும் நெட்டு. உங்க ஏரியில மீன் புடிக்கிற வலையாவது அறுவாம இருக்குமா, இல்ல அதுவும் இந்த நெட்டு மாதிரிதானா?”

பொன்னேரியில் காலேஜ் படிக்கும் ஸ்நேகா களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டாள். அவள்தான் அந்தக் கூட்டத்தின் வில்காரி.

“விடு சரவணா,” என்றது இன்னொரு குரல். மெதுவான குரல். “அவசரம் இல்லை. பூதம் எங்கேயும் போகப்போறதில்லை.”

“பூதம் போகாது சாமி. வாசல் போயிடும். வர்ற ஞாயித்துக்கிழமையோட மூடிடறான். அதுக்கப்புறம் தலைகீழ நின்னாலும் உள்ள போவ முடியாது.”

சாமி என்பது ஸ்ரீவத்ஸனுக்கு அவர்கள் வைத்த பெயர். திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியம் செய்கிற வீட்டுப் பிள்ளை. விளையாட்டிலும் அவன் எடுத்துக்கொண்டது வைத்தியன் வேலைதான். அடிபட்டவர்களுக்குப் பின்னால் நின்று ரத்தம் ஏற்றிக்கொண்டே இருப்பான். சரவணகுமார் கோடாலிக்காரன், கூட்டத்துக்குத் தலைவன். வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவன். நாலு பேரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் எங்கிருந்தாலும் வந்து சேர்ந்துவிடுவார்கள். விளையாட்டின் பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒன்று. இவர்களுக்கு அது ‘கோட்டை’.

“வெளிப்படையா சொல்லிடறேன் துர்கா. ஹோசூர்ல ஒரு கேடயக்காரன் இருக்கான், கூப்புட்டா வந்துடுவான். வர்ற ஞாயிறு உனக்கு ஒரு சான்ஸ். மறுபடி சொதப்புனியானா அவனை ஏத்திக்கினு போயிடுவேன். தப்பா எடுத்துக்காத.”

“சரிண்ணா,” என்றாள்.

ஒயரைக் காதிலிருந்து உருவிவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஏரிப் பக்கமிருந்து காற்று சேற்று வாசனையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு காலத்தில் அவள் கேடயம் தப்பியதே இல்லை. கும்மிடிப்பூண்டிக்குப் போகிற கம்பெனி வேனில், ஜன்னலோர சீட்டில், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளையாடக் கற்றவள். இடது கட்டைவிரல் நடக்க வைக்கும். வலது கட்டைவிரல் கேடயத்தைத் தூக்கும். ‘துர்கா முன்னால நின்னா மழை கூட உள்ள வராது’ என்று சரவணகுமாரே சொல்லியிருக்கிறான்.

சிப்காட்டில் ஒரு பிரஸ் கம்பெனியில் அவளுக்கு வேலை. காருக்குள் எங்கேயோ போய் மறைகிற சின்னத் தகடுகளை அடித்துத் தள்ளுகிற இடம். பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான் உண்டு. இரண்டு கையும் இரண்டு பொத்தானில் இருந்தால்தான் மேல்கட்டை இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக யாரோ நல்லவன் யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் அப்படி அடித்தால் சொன்ன கணக்கு வராது. அதனால் ஒரு பொத்தானில் செருப்பு ரப்பர்த் துண்டைச் செருகி, அது அழுந்தியே இருக்கும்படி விட்டுவிடுவார்கள். ஒரு கை தட்டும். மறு கை தகடு வைக்கும். குல்லாயும் கையுறையும் ஸ்டோரில் கொடுப்பார்கள். ரப்பர்த் துண்டை சூப்பர்வைசர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான் ஓட்டினார்கள்.

ஒரு நாள் தகடு சரியாக உட்காரவில்லை என்று அவள் வலது கை திருத்தப் போனது. பழகிப்போன இடது கை அதற்குள் தட்டிவிட்டது. அந்தப் பழைய பிரஸ் ஒருமுறை கிளம்பினால் முழுச் சுற்றும் சுற்றித்தான் நிற்கும். பாதியில் திருப்பிக் கூப்பிட முடியாது.

வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. ரப்பரைச் செருகியது அந்தப் பெண்ணேதான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அது பொய்யும் இல்லை. அதுதான் அவளை அதிகமாகக் குடைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவளைச் சுற்றி எல்லாமே கையைச் சுற்றியதாக ஆகிவிட்டது. அப்பா குப்பன் அந்தக் கையைப் பார்ப்பதே இல்லை. அம்மா பச்சையம்மா அந்தக் கையைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. பக்கத்துக் குப்பத்திலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள், வலை சிக்கலெடுக்கக் கூட ஆகாதே என்று எங்கேயோ சொன்னார்களாம், பிறகு வரவில்லை. கம்பெனி வேன் இப்போதும் காலையில் ரோட்டில் போகிறது. அந்த ஜன்னலோரத்தில் வேறு ஒருத்தி.

கோட்டை வாசலில் மட்டும்தான் அவளுக்குப் பத்து விரலும் இருந்தன. ‘ஊருக்குப் போயிருந்தேன்’ என்று சொல்லிவிட்டு அவள் திரும்பவும் கூட்டத்தில் சேர்ந்தபோது யாரும் துருவிக் கேட்கவில்லை. அப்போதெல்லாம் கேடயப் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால் போதும்; கேடயம் தூக்கியபடியே நிற்கும். போனைப் பெட்டிமேல் வைத்து, மரத்துப்போன நடுவிரலால் அழுத்திக்கொண்டு, எப்படியோ சமாளித்தாள். யாருக்கும் தெரியவில்லை.

பிறகு அப்டேட் வந்தது. சண்டையை நிஜம் மாதிரி ஆக்கியிருக்கிறார்களாம். இனி அழுத்திப் பிடிப்பது கிடையாது. சம்மட்டியின் நுனி சிவக்கிற கண்ணிமைப் பொழுதில் ஒரே ஒரு தட்டு. பிந்தினால் அடி. முந்தினால் கேடயம் வீணாக மேலே போய், முழு வீச்சும் வீசிக் கீழே வந்த பிறகுதான் அடுத்த தட்டை ஏற்கும்.

எல்லோரும்தான் திட்டினார்கள். சரவணகுமார் அன்றைக்கு முழுக்கப் புலம்பினான்: “கோடாலியத் தூக்குனா தூக்குனதுதான்றான். நடுவுல பூதம் நவுந்துடுச்சுன்னா நான் காத்த வெட்டிக்கினு நிக்கிறேன். ஆபீஸ்லதான் பேஜாருன்னா இங்கயுமா?” ஆனால் அவனுக்கு அது எரிச்சல், பழகிக்கொண்டான். துர்கா அந்தக் கேடயம் மேலே போய்க் கீழே வருகிற ஒவ்வொரு தடவையும் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். கிளம்பிவிட்டதை நிறுத்த முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தக் கணத்தை அவள் ஏற்கெனவே ஒரு தரம் பார்த்திருக்கிறாள்.

கேடயப் பொத்தானை இடது பக்கம் மாற்றித் தரமுடியுமா என்று விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று சிரிக்கிற மூஞ்சி ஒன்றுடன் பதில் வந்தது.

அந்த வாரம் அமாவாசை. அம்மா முந்தின நாளே ஆரம்பித்துவிட்டாள்.

“நாளைக்குத் திருவள்ளூர் போறோம். வெல்லம் கரைக்கிறேன்னு வேண்டிக்கினு இருக்கேன்.”

“நான் வரலம்மா.”

“உன் கைக்குத்தான்டி வேண்டிக்கினேன். நீ வராம நான் போயி, எவ கைன்னு சொல்லிக் கரைக்கிறது?”

“வெல்லம் கரைஞ்சா வெரல் மொளைக்குமா?”

பச்சையம்மா அரிவாள்மனையிலிருந்து தலை நிமிர்ந்தாள். கோபப்படவில்லை. “மொளைக்காது. எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில பக்கத்துப் படுக்கைக்காரிக்குச் சீழ் வெச்சு மணிக்கட்டு வரைக்கும் எடுத்தாங்களே, பாத்த இல்ல? உனக்கு அதோட நின்னுச்சு. அதுக்குக் கரைக்கிறேன்.”

துர்கா வெல்லக் கட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். ஆனால் அவள் தயங்கியது வேறு காரணத்துக்கு. அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் ஸ்ரீவத்ஸன் விளையாட வரமாட்டான். கோயிலில் கூட்டம் அள்ளும், தலையைச் சொறிய நேரம் இருக்காது என்பான். அதாவது அவன் அங்கே இருப்பான்.

பொன்னேரியில் பஸ் ஏறினார்கள். சோழவரம் தாண்டி ரெட்ஹில்ஸில் இறங்கி வேறு பஸ் பிடித்து, திருவள்ளூர் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. வழி முழுக்க துர்கா வலது கையைத் துப்பட்டாவுக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

குளத்தங்கரையில் கால் வைக்க இடமில்லை. முன்னோருக்குத் தர்ப்பணம் செய்கிறவர்கள் ஒரு பக்கம், நோய் தீரவேண்டும் என்று வந்தவர்கள் ஒரு பக்கம். அந்தக் குளத்தில் வெல்லத்தைப் போட்டால் அது கரைகிற மாதிரி உடம்பில் இருப்பதும் கரைந்துபோகும் என்பது நம்பிக்கை. ஊன்றுகோலோடு ஒரு கிழவர். தலைமுடி கொட்டிப்போன ஒரு பெண், அவளைத் தாங்கிப் பிடித்தபடி புருஷன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற தாய். இத்தனை வலிகளும் ஒரே படிக்கட்டில் வரிசையாக நிற்பதைப் பார்த்தபோது, தன் துணிச்சுற்றுக்குள் இருப்பது ஊரிலேயே பெரிய ரகசியம் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தது துர்காவுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பச்சையம்மா வெல்லக் கட்டியை மகள் தலையைச் சுற்றித் தண்ணீரில் விட்டாள். உடனே கரைந்துவிடவில்லை. பழுப்பாய் ஒரு புகை மாதிரி கிளம்பி, மெல்ல மெல்லப் போயிற்று.

பிறகு கோயிலுக்குள் வரிசை. நெருக்கமும் வேர்வையும் துளசி வாசனையுமாக நகர்ந்துகொண்டிருந்தபோது, முன்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது.

“ஒவ்வொருத்தரா வாங்கோ. அவசரம் இல்லை. பெருமாள் எங்கேயும் போகப்போறதில்லை.”

துர்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரல் அதேதான். ஒல்லியாக, நெற்றி நிறையத் திருமண்ணோடு, வெள்ளி வட்டிலிலிருந்து தீர்த்தம் கொடுத்துக்கொண்டு நின்றான். அவன் வயதில் தனக்கு அண்ணனாக இருப்பான் என்று நினைத்திருந்தாள். தம்பி மாதிரி இருந்தான். பக்கத்தில் பெரியவர் ஒருவர் வந்தவர்கள் தலையில் சடாரி சாதித்துக்கொண்டிருந்தார். பின்னால் திரும்பிப் போக வழி இல்லை. வரிசை அவளைக் கொண்டுபோய் அவன் முன்னால் நிறுத்தியது.

இடது கையைக் குவித்து நீட்டினாள்.

“ஐய, இன்னாம்மா நீ? வலது கைய நீட்டு. தீர்த்தத்தப் போயி இடது கையில வாங்குவாங்களா?” என்றாள் பின்னாலிருந்த ஒரு பெண். சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள்.

“துர்கா,” என்று அம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள், “சாமிக்கு முன்னால இன்னாடி வெக்கம்?”

அவன் உத்தரணிக் கரண்டியைத் தூக்கியபடி காத்திருந்தான். துர்கா துப்பட்டாவை விலக்கி வலது கையை நீட்டினாள். ஒட்டுப்போட்ட தோல் வெயிலில் உலர்ந்த மீன்தோல் மாதிரி மினுங்கிற்று. முடிந்தவரை குவித்தாள். அவன் ஊற்றிய தீர்த்தம், கட்டைவிரல் இருந்த பக்கம் அணையில்லாமல் வழிந்து கல்தரையில் சிந்தியது.

“கீழ போவுது பாரு,” என்றாள் பின்னாலிருந்தவள். இந்தத் தடவை அவள் குரலில் அதட்டல் இல்லை.

தீர்த்தம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கைங்கரியம் செய்கிறவர்கள் யாரையும் தொடக்கூடாது. தொட்டால் போய்க் குளித்துவிட்டு வந்துதான் மறுபடி கைங்கரியத்தில் நிற்கலாம். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் அது தெரியும். அதனால்தான் கையை எட்டவே வைத்து வாங்கினார்கள். அவனுக்கும் தெரியும். அவன் குனிந்து அந்தக் கையை ஒரு கணம் பார்த்தான். பிறகு தன் இடது உள்ளங்கையை அவள் கைக்குக் கீழே கொண்டுவந்து, விரல்கள் இல்லாத பக்கத்தைச் சுவர் மாதிரி மூடிப் பிடித்துக்கொண்டான். மறுபடி ஊற்றினான். தண்ணீர் நின்றது.

“எடுத்துக்கோங்கோ,” என்றான்.

அவள் குடித்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசினால் குரல் தெரிந்துவிடும்.

“ஸ்ரீவத்ஸா,” என்றார் சடாரி பிடித்திருந்த பெரியவர்.

“ஆமாம் பெரியப்பா. குளிச்சுட்டு வந்துடறேன்.”

“போயிட்டு வா. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்,” என்று சொல்லி, பெரியவர் வட்டிலை வாங்கிக்கொண்டார். அவர் துர்காவின் தலையில் சடாரியை வைத்தபோது, மற்றவர்களுக்கு வைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்த மாதிரி இருந்தது. அது அவளுடைய எண்ணமாகவும் இருக்கலாம்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது பார்த்தாள். அவ்வளவு கூட்டத்தையும் ஒதுக்கிக்கொண்டு அவன் குளத்துப் படியிறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினான். நனைந்த வேட்டி காலில் தட்ட, நடுங்கியபடி ஓட்டமும் நடையுமாகத் திரும்பப் போனான். பச்சையம்மா பார்க்கவில்லை. அவள் கூட்டத்தில் யாரிடமோ ரெட்ஹில்ஸ் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை துர்கா கொட்டகைக்கு வந்து ஒயரை மாட்டியபோது மூன்று பேரும் ஏற்கெனவே இருந்தார்கள்.

“நெட்டு எப்படி?” என்றான் சரவணகுமார்.

“நல்லாருக்குதுண்ணா. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு.” ஐஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணு சொல்லணும். எனக்கு வலது கையில ரெண்டு வெரல் இல்ல. கட்டைவெரலும் பக்கத்து வெரலும். கம்பெனியில பிரஸ்ல போயிடுச்சு. ஊருக்குப் போனேன்னு சொன்னேனே, ஊருக்குப் போவல. ஆஸ்பத்திரியில இருந்தேன். இந்தத் தட்டுற கேடயம் என்னால ஆவல. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்.”

 காதுக்குள் யாரோ ஒருவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

“ஏன்க்கா சொல்லல?” என்றாள் ஸ்நேகா. அழுகிற மாதிரி இருந்தது.

“சொன்னா இன்னா பண்ணுவ?”

சரவணகுமார் தொண்டையைச் செருமினான். அவன் கெட்டவன் அல்ல. ஆனால் இந்தக் கோட்டை வாசலுக்காக அவனும் வாரமெல்லாம் ரயிலில் நின்றுகொண்டே காத்திருந்தவன். “இத பாரு துர்கா… கேக்கவே ஒரு மாதிரி இருக்குது. நான் வேற இன்னான்னாவோ பேசிட்டேன். ஆனா கேடயம் இல்லாம அங்க போயி நிக்க முடியாது. பாவம்னு சொல்லிப் பூதம் அடிக்காம வுடாது. ஹோசூர்க்காரன் காத்துக்கினு இருக்கான்.”

“தெரியும்ணா. அதுக்குத்தான் சொன்னேன். கூப்புட்டுக்கோங்க.”

“இரு,” என்றான் ஸ்ரீவத்ஸன். அவன் மட்டும் எந்தக் கை, எப்படி, எப்போது என்று ஒன்றும் கேட்டிருக்கவில்லை. “என்கிட்ட கவச மந்திரம்னு ஒண்ணு இருக்கே. யார் மேல போடறேனோ அவா மேல ஒரு க்ஷணம் அடி விழாது. அதை துர்கா மேல போடறேன். அவ கேடயப் பொத்தானைத் தொடவே வேண்டாம். இடது கையால நகர்ந்து நிக்கட்டும். அது போதும்.”

“அது போட்டா நீ ரத்தம் ஏத்த முடியாதே சாமி.”

“முடியாது.”

“அப்ப எங்களுக்கு அடிபட்டா?”

“படாம பாத்துக்கோங்கோ.”

ஸ்நேகா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

“இன்னொண்ணு,” என்றான் ஸ்ரீவத்ஸன். “கடைசில நிக்கற எனக்குச் சம்மட்டி நுனி தெரியாது. எப்போன்னு துர்காதான் சொல்லணும்.”

 கதவு திறக்கிற கடைசி வாய்ப்பு அது. தோற்றால், வாரக்கணக்காக விளையாடிச் சேர்த்த புள்ளிகளெல்லாம் அதில் போகும். ஹோசூர்க்காரனை ஏற்றிக்கொண்டால் ஜெயித்துவிடலாம். அது சரவணகுமாருக்கு நன்றாகத் தெரியும்.

“சரி,” என்றான் கடைசியில், எரிச்சலோடே. “போலாம். செத்தா என்னக் கேக்கக் கூடாது.”

பூதம் எழுந்தது. துர்கா இடது விரலால் அந்தச் சின்னப் பெண்ணை நடத்திக்கொண்டுபோய் நேர் எதிரே நிறுத்தினாள். வலது கை மடியில் கிடந்தது. சம்மட்டி உயர்ந்தது. நுனி சிவந்தது.

“இப்ப!”

கவசம் வருவதற்குள் அடி விழுந்தது. பாதி உயிர் போயிற்று.

“பிந்திடுத்து,” என்றான் ஸ்ரீவத்ஸன். “நீ சொல்லி எனக்குக் கேக்கறதுக்கு நேரம் ஆறது. முன்னாடியே சொல்லு.”

நுனி சிவப்பதற்கு முன்னால் பூதத்தின் தோள் கொஞ்சம் இறங்கும். அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்; இதுவரை அது உதவியதில்லை. தோள் இறங்கியது. “இப்ப!” நீலமாய் ஒரு வெளிச்சம் அவளைச் சுற்றி மூடிற்று. சம்மட்டி அதன்மேல் விழுந்து டணார் என்று தெறித்தது.

“ஆங்!” என்று கத்தினான் சரவணகுமார். “மறுபடி!”

“இப்ப!” தெறித்தது. “இப்ப!” தெறித்தது. கொட்டகை நாய் ஒன்று எழுந்து அவளைப் பார்த்துக் குரைத்துவிட்டு மறுபடி படுத்தது. பின்னாலிருந்து கோடாலியும் அம்புகளும் பூதத்தைக் கொத்தின. கல் கல்லாக உதிர்ந்தது. பாதி போயிற்று. பாதிக்கும் மேல் போயிற்று. சரவணகுமார் ஆசைப்பட்டு ஒரு அடி முன்னால் வந்து கோடாலியை ஓங்கினான். பூதம் சட்டென்று பக்கவாட்டில் திரும்பியது. ஓங்கிய கோடாலியைத் திரும்பக் கூப்பிட முடியவில்லை. முழு வீச்சும் வீசி முடிப்பதற்குள் பூதத்தின் கால் அவனை மிதித்துவிட்டது. ரத்தம் ஏற்ற ஆள் இல்லை.

“போச்சு,” என்றான் அவன். “காத்த வெட்டிட்டேன்.”

கொஞ்ச நேரத்தில் ஸ்நேகாவும் விழுந்தாள். இனி அடிக்க யாரும் இல்லை. வாசலில் துர்காவும் அவளுக்குப் பின்னால் ஸ்ரீவத்ஸனும் மட்டும். திரும்பி ஓடினால் உயிராவது மிஞ்சும். இருவரும் ஓடவில்லை.

“இப்ப,” என்றாள். தெறித்தது.

“துர்கா, இன்னும் ஒண்ணுக்குத்தான் மந்திரம் இருக்கு.”

“சரி சாமி.”

தோள் இறங்கியது. “இப்ப.” தெறித்தது. அதற்கு அடுத்த அடிக்கு ஒன்றும் இல்லை. சின்னப் பெண் கேடயத்தோடு விழுந்தாள். அவள் விழுந்த இடத்திலேயே வைத்தியனும் விழுந்தான். திரையில் கோட்டைக் கதவு கனமாக மூடிக்கொண்டது. அடுத்து எப்போது திறக்கும் என்று அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

சரவணகுமார் விளையாட்டைச் செய்தவர்களை, அவர்கள் வீட்டை, அவர்கள் ஆபீஸைத் திட்டினான். திட்டி முடித்து மூச்சு வாங்கினான். “கால்வாசிதான் பாக்கி இருந்துச்சு தெரியுமா? என்னாலதான் போச்சு.”

“உங்களாலதாண்ணா,” என்றாள் ஸ்நேகா.

“நீ சும்மா இரு.” பிறகு, “ஹோசூர்க்காரன வேற எடம் பாத்துக்கச் சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை வந்துடு துர்கா. எதுனா சின்னப் பேயாப் புடிச்சு பழகிக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான். அம்மா கூப்பிடுகிறாள் என்று ஸ்நேகாவும் போனாள்.

கொட்டகைக்கு வெளியே சாயங்கால ஷிஃப்டுக்கான வேன் ரோட்டில் போயிற்று. ஜன்னலோரத்தில் ஒரு பெண் தலை குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இன்றைக்கு சூப்பர்வைசர் ஒரு ரப்பர்த் துண்டை எடுத்துக் கொடுப்பார். அதை நினைத்ததும் துர்காவுக்கு இல்லாத விரல்களில் வலித்தது. நாளைக்கு வேன் நிற்கிற இடத்துக்குப் போய், அந்தப் பெண்ணிடம் இந்தக் கையைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. காட்டினால் மட்டும் அவள் என்ன செய்ய முடியும் என்றும் தோன்றியது. இருந்தாலும் போகத்தான் வேண்டும்.

காதில் இன்னும் யாரோ மூச்சுவிடுகிற சத்தம் இருந்தது.

“சாமி?”

“ம்.”

“அமாவாசை அன்னிக்கு ரெண்டாந்தபா குளிச்சீங்களே. தண்ணி எப்படி இருந்துச்சு?”

 அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் எங்கேயோ மணி அடித்தது.

“ரொம்பச் சில்லுனு இருந்துது,” என்றான். “ஆனா கொஞ்சம் தித்திப்பா இருந்துது. யாரோ நிறைய வெல்லம் போட்டிருந்தா.”